மணத்துணி

மிருதுளா சோப்புப் போட்டுக் குளித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பவுடர் கிடையாது. தலைக்கு எண்ணெய் கிடையாது, பூ கிடையாது. பூண்டு ரசம் வாயில் படக் கூடாது. கோவை சிங்காநல்லூரில் அவளும் அவள் புருஷன் நவநீதனும் நடத்திவந்த பேக்கரிப் பக்கமே அவள் தலைகாட்டக் கூடாது. வெண்ணெய் பிஸ்கட் வாசம் தோலில் ஏறிவிட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். மார்புக்குக் குறுக்கே, சட்டைக்கு உள்ளே, திருப்பூரில் பின்னிய சாம்பல் நிறப் பட்டை ஒன்றை எந்நேரமும் கட்டியிருந்தாள். அந்தப் பட்டை அவள் உடம்பின் வாசத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தது.

இத்தனையும் இன்னும் கையால் தொட்டுப் பார்க்காத ஒரு குழந்தைக்காக.

"இப்பத்தான் புள்ள உன்னோட நெசமான வாசமே தெரியுது," என்றான் நவநீதன். "பத்து வருசமா சந்தன சோப்பு கூடக் குடும்பம் நடத்திருக்கேன்."

"எப்படி இருக்கு?"

"நல்ல மாவுக்கும் புளிச்ச மாவுக்கும் நடுவுல."

தலையணை பறந்து வந்தது. ஆனால் அவன் மூக்கைக் குறை சொல்ல முடியாது. மாவு பொங்கியதா, ஈஸ்ட் செத்ததா என்பதை மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவான்.

பிறந்த குழந்தை தன் தாயைக் கண்ணால் அல்ல, மூக்கால்தான் அறிகிறது. இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த மணத்தை அப்படியே எடுத்து வேறொரு துணியில் அச்சடிக்க முடியும் என்று கண்டுபிடித்த பிறகுதான் தத்தெடுப்பு இல்லங்களின் காற்றே மாறியது. பெற்றவளின் மணம் ஏறிய துணியில் குழந்தையைப் படுக்கவைப்பார்கள். பிறகு மெல்ல மெல்ல அதைக் குறைத்து, வளர்க்கப்போகிறவளின் மணத்தைக் கூட்டுவார்கள். பார்த்துக்கொள்ளும் ஆயாக்கள்கூட வாசம் வெளியே வராத அங்கி மாட்டிக்கொள்வார்கள். குழந்தைக்கு உலகத்தில் அந்த ஒரு துணிதான் தாய். புது வீட்டுக்குப் போகும் நாளில் அது அழுவதே இல்லை. ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதைப் போலப் புது அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை மதியம் நேயம் இல்லத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. தொட்டிலில் ஓர் ஆண் குழந்தை முகம் சிவக்க வீறிட்டு அழுகிறான். வலது காதின் மேல்நுனி, பப்ஸ் ஓரத்தை விரலால் அழுத்தி மடித்த மாதிரி மடிந்திருக்கிறது. ஒரு கை வந்து அவன் கன்னத்தருகே துணி ஒன்றை வைக்கிறது. அழுகை நிற்கிறது. மூக்கைத் துணிக்குள் நுழைத்து, பெரிய மனிதன் போல ஒரு பெருமூச்சு விட்டு, தூங்கிப்போகிறான்.

அது மிருதுளாவின் மணம் ஏறிய துணி.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். நவநீதன் கடைக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வீடியோவைக் காட்டினான். வேண்டாம் என்றவர்களுக்கும் பன்னைக் கையில் திணித்தான். சேதி கேட்டு ஓரகத்தி போன் பண்ணினாள்: "குளிக்காம கெடந்தா புள்ள குடுப்பாங்கன்னா, உங்க மச்சாண்டாருக்கு இதுக்குள்ள ஒரு பட்டாளமே குடுத்திருக்கணுமே!" மிருதுளா வயிறு வலிக்கச் சிரித்தாள். அன்றைக்கு யார் எதைச் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நேயம் இல்லத்தின் ஆண்டுக் கூடல். இல்லத்திலிருந்து குழந்தை எடுத்த குடும்பங்கள் எல்லாம் வரும். மண்டபம் முழுக்கப் பிள்ளைகள், பலூன், கேசரி. மேடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் மைக்கைப் பிடித்து, தான் வீட்டுக்கு வந்த நாளை உரக்கச் சொல்லும், கூட்டம் கூவும். பிறந்தநாளை யாரும் கேட்பதில்லை. இதற்கு அடுத்து, புதிதாகப் பிள்ளை எடுக்கப்போகும் குடும்பங்களை மேடையேற்றி வேர்ப்பொதி கொடுப்பார்கள். காற்றுப் புகாமல் அடைத்த, உள்ளங்கை அகல வெள்ளிப் பொதி. பெற்றவளின் மணம் ஏறிய துணி அதற்குள் இருக்கும். பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது அதன் கையில் கொடுக்க வேண்டும். ஒருமுறை திறந்தால் சில நாளில் மணம் போய்விடும். அதனால் யாரும் திறப்பதில்லை.

"எங்கிருந்து வந்தோம்னு தெரிஞ்சுக்கறது பிள்ளையோட உரிமை," என்று மைக்கில் சொன்னார் இல்லத் தலைவி சாருமதி. "அதை நாங்க மறைக்க மாட்டோம்."

கைதட்டல் கூரையைப் பிடுங்கியது. நேர்மைக்கு மேடை போட்டுக் கைதட்டுகிற இடத்தில் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது. மிருதுளாவுக்கு அன்று அது தோன்றவில்லை. கண் நிறைய நீரோடு பொதியை வாங்கினாள். சாருமதி அவள் காதருகே குனிந்தார்.

"பெத்த பொண்ணு புதன்கிழமை பார்க்க வரேன்னு கேட்டிருக்கா. நீங்க டென்ஷன் ஆகாதீங்க. பார்த்துட்டுப் போயிடுவா. எல்லாரும் அப்படித்தான்."

இறங்கி வந்தவளின் முகத்தைப் பார்த்து, "என்னடி, கேசரியில கல்லா?" என்றாள் ஷகீலா. கரும்புக்கடைப் பகுதியில் குடியிருப்பவள். ஒவ்வொரு புதுக் குடும்பத்துக்கும் முன்பே பிள்ளை எடுத்த குடும்பம் ஒன்றைத் துணையாக வைப்பது இல்லத்தின் வழக்கம். மிருதுளாவுக்குத் துணை ஷகீலா. அவள் மகள் நஸ்ரினுக்கு ஏழு வயது. அப்போதுதான் மேடையில் மைக்கைக் கடித்துவிட்டு வந்திருந்தாள்.

மிருதுளா விஷயத்தைச் சொன்னாள். ஷகீலா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"உன் பையனுக்கு எத்தனை மாசம்?"

"ஒண்ணரை இருக்கும்."

"பெத்தவளுக்கு மனசு மாற ரெண்டு மாசம் டைம் உண்டு. தெரியுமா?"

"தெரியும்."

"அது முடியற வரைக்கும் வேற எவ வாசமும் பிள்ளை மேல படக் கூடாதுன்னு சட்டம். அது தெரியுமா?"

மிருதுளாவுக்கு வீடியோ நினைவுக்கு வந்தது. துணியை வைத்த கை. நின்றுபோன அழுகை.

"எனக்கும் இப்படித்தான் முன்னாடியே வெச்சாங்க," என்றாள் ஷகீலா. "சீக்கிரம் பழகினா பிள்ளைக்கு நல்லதாம். நானும் சந்தோசத்துல குதிச்சேன். அப்புறமா ஒரு ஆயா வாய் தவறிச் சொன்னா. நஸ்ரினைப் பெத்தவ பார்க்க வந்திருக்கா. தூக்கியிருக்கா. இவ வீல் வீல்னு கத்தியிருக்கா. பெத்தவளோட வாசம் இவளுக்கு மறந்தே போச்சு, அதான். அந்தப் பொண்ணு என்னத்தக் கண்டா? பிள்ளைக்கே நம்மளைப் பிடிக்கலைன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டா. யாரும் அவகிட்ட ஒரு பொய் சொல்லல, மிருது. சொல்லவேண்டிய தேவையே இல்ல."

"நீ கேக்கலையா?"

"கேட்டா நஸ்ரினைத் திருப்பிக் குடுன்னு சொல்லிட்டா?" ஷகீலா எழுந்துவிட்டாள். "போடி. போய்க் கேசரி தின்னு."

வீட்டுக்கு வரும் வழியில் ஷகீலா சொன்னதையெல்லாம் மிருதுளா நவநீதனிடம் கொட்டினாள். உள்ளே நுழைந்ததும் வெள்ளிப் பொதியை மேஜையில் வைத்தாள்.

"இதுக்குள்ள அந்தப் பொண்ணோட வாசம் இருக்கு. புதன்கிழமைக்குள்ள இதை அவன் பக்கத்துல போட்டா, அவளை அடையாளம் கண்டுக்குவான்."

நவநீதன் அவளையே பார்த்தான். "கண்டுக்கிட்டா?"

"அவ தூக்கிட்டுப் போனாலும் போவா."

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா? எத்தனை வருசம் காத்துக் கெடந்தோம். அவ வேண்டாம்னுதான விட்டுட்டுப் போனா?"

"வேண்டாமான்னு யோசிக்க அவளுக்கு ரெண்டு மாசம் குடுத்திருக்கு. அது முடியறதுக்குள்ள நாம நடுவுல பூந்துட்டோம், நவநீ. நாளைக்கு அவன் என் தோள்ல படுத்துத் தூங்கறப்பவெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். எங்கிட்ட வரதுன்னா நேரா வரட்டும்."

நவநீதன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கத்தினான். கடைசியில் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு காரணம்தான் மிஞ்சியது. "அது அவனோட சொத்து. திறந்தா போச்சு. அவ விட்டுட்டே போயிட்டா, பதினெட்டு வயசுல அவன் கையில எதைக் குடுப்பே?"

அது நியாயம். யோசித்து ஒரு வழி கண்டார்கள். பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை உடனே அடைத்துவிடுவது. ரொட்டி பாக்கெட்டிலிருந்து காற்றை உறிஞ்சி ஒட்டும் மெஷினைக் கடையிலிருந்து தூக்கிவந்து மேஜையில் வைத்தான். அவன் மெஷினைச் சூடேற்ற, அவள் பொதியின் ஓரத்தைக் கத்தரித்தாள். உள்ளே வெள்ளைத் துணி. அவள் மூக்கருகே வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"போயிருச்சு போலிருக்கு. வாசமே இல்ல."

நவநீதன் வாங்கி மோந்தான். மறுபடி மோந்தான். பிறகு குனிந்து, அவள் கழுத்தோரம் மூக்கை வைத்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"உனக்கு எப்படித் தெரியப்போகுது?" என்றான். "மிருது, இது நீ."

மறுநாள் காலை சாருமதியின் அறையில், மேஜைமேல் அந்தத் துணியைப் போட்டாள் மிருதுளா. சாருமதி மறுக்கவில்லை. அதில்தான் மிருதுளா முதலில் ஆடிப்போனாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு நல்ல மூக்கு," என்றார் சாருமதி. "உட்காருங்க. பத்துப் பொண்ணுங்க வந்தா பாதிப் பேர் பெத்த அன்னிக்கே ஓடிடறாங்க. பட்டையே கட்டறதில்ல. அந்தப் பிள்ளைங்களுக்குப் பொதியில எதை வைக்கிறது? பதினெட்டு வயசுல ஆசையாத் திறந்து, உள்ள ஒண்ணுமே இல்லைன்னா? நினைச்சுப் பாருங்க."

"அதனால எங்க வாசத்தையே அடைச்சுக் குடுத்தீங்க."

"திறந்து பார்க்கிற பிள்ளை என்ன நினைக்கும்? பெத்தவளும் நம்ம அம்மா மாதிரிதான் இருந்திருக்கான்னு நினைக்கும். நிம்மதியா இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"இந்தப் பொண்ணு பட்டை கட்டினாளா?"

"ரெண்டு நாள் கட்டினா. அது முதல் வாரத்துக்கே சரியாப் போச்சு." சாருமதி முன்னால் சாய்ந்தார். அவர் குரலில் கள்ளம் இல்லை. தான் செய்வது நல்லது என்று நம்புகிறவர்களின் குரல் அப்படித்தான் இருக்கும். "மில் ஹாஸ்டல்ல இருக்கிற பொண்ணு அது, மிருதுளா. அவகிட்ட என்ன இருக்கு? ஆசை வரும், ஒரு மாசத்துல தெளிஞ்சிடும். நடுவுல கசங்கறது பிள்ளை. நான் பிள்ளையைப் பார்க்கிறேன்."

"புதன்கிழமை வரைக்குமாவது என் துணியை எடுத்துடுங்க, மேடம்."

"எடுத்தா அவன் எதையும் பிடிச்சுக்காம அனாதையாக் கத்துவான். வேண்டாம். வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பெத்தவளைத் தேடிப் போய்ப் பேசினா, உங்க பேரு எந்த இல்லத்திலயும் இருக்காது. சட்டம்."

"அந்தச் சட்டம் மட்டும் நடக்குதாக்கும்," என்று சொல்லிவிட்டு மிருதுளா எழுந்தாள்.

புதன்கிழமை காலை, இல்லத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். நவநீதன் கூட வருவதாகச் சொல்லி, பாதி வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி, "என்னால பார்க்க முடியாது புள்ள, நீ போ," என்று இறக்கிவிட்டுப் போயிருந்தான். திண்டுக்கல் பஸ்ஸில் வந்து டவுன்பஸ் மாறிய களைப்போடு ஒரு பெண் இறங்கினாள். இருபது வயசு இருக்கும். கையில் புதுத் துணிக்கடைப் பை. துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்தபோது அவள் வலது காது தெரிந்தது. மேல்நுனி மடிந்திருந்தது.

மிருதுளாவின் நெஞ்சு கடையின் மாவு மெஷின் போல அடித்துக்கொண்டது. இப்போதுகூடச் சும்மா இருந்துவிடலாம். எழுந்து போய் எதிரே நின்றாள்.

"நேயம் இல்லத்துக்கா கண்ணு?"

"ஆமாக்கா. உள்ள வேல பாக்குறீங்களா?"

"இல்ல. உம் புள்ளைய வளக்கறதுக்குக் காத்திட்டிருக்கறவ நான்."

அந்தப் பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். "நான் இன்னும் முடிவு சொல்லலக்கா. ரெண்டு மாசம் இருக்குன்னு சொன்னாங்க. எங்க அக்கா வீட்டுல இடம் தரேன்னு..."

"தெரியும். பயப்படாத. உம் பேரென்ன?"

"ரோஷிணி."

"ரோஷிணி, நல்லாக் கேளு. நீ தூக்கினதும் அவன் கத்துவான். மூச்சு முட்டற மாதிரி கத்துவான். உன்னைப் புடிக்காம இல்ல. என் வாசம் ஏறின துணியில தூங்கவெச்சு அவனைப் பழக்கிட்டாங்க. உன் வாசத்தை மறக்க வெச்சிருக்காங்க. செய்யக் கூடாத வேலை, செஞ்சிட்டாங்க. அவன் அழறதை நம்பாத."

ரோஷிணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "நான் போயிட்டா உங்களுக்குத்தானக்கா கெடைக்கும்? எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க?"

"கெடைக்கும்," என்றாள் மிருதுளா. "நெசமாலுமே உன்னால முடியாதுன்னா எனக்குக் குடு. ராஜா மாதிரி வளக்கறேன். அழறானேன்னு குடுக்காத."

ரோஷிணி உள்ளே போனாள். மிருதுளா இல்லத்துச் சுவரோரம் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த அழுகை கிளம்பியது. வீடியோவில் கேட்ட அதே அழுகை. ஆனால் இது நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. தொண்டை கிழிந்து, அடங்கி, மறுபடி கிழிந்தது. மிருதுளாவின் கால்கள் தாமாக நடக்கப் பார்த்தன. உள்ளே போய் நின்றால் போதும், கையைக்கூட நீட்ட வேண்டாம், அவன் அடங்கிவிடுவான். சுவரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. சாருமதி வேகமாக வந்தார். அவளை அங்கே கண்டதும் எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் கோபப்பட நேரமில்லை.

"வந்து தொலைச்சீங்க இல்ல? சரி, உள்ள வாங்க. பிள்ளை நீலம் பாயுது. ஒரு நிமிஷம் தூக்குங்க, அடங்கிடுவான். அப்புறம் எல்லாம் தானா முடிஞ்சிடும். உங்க பேரையும் நான் எடுக்க மாட்டேன்."

உள்ளேயிருந்து அழுகை வந்தது. மிருதுளாவின் பட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"அவ கையில தான மேடம் இருக்கான்?"

"ஆமா, ஆனா..."

"அவ பாத்துக்குவா."

சாருமதி அவளை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அழுகை நீண்டது. பிறகு விம்மலானது. பிறகு சத்தமே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று நினைத்தாள் மிருதுளா. அந்த நினைப்பில் ஒரு கணம் அவள் உடம்பெல்லாம் சந்தோஷம் பாய்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

வெளியே வந்தது ரோஷிணி. துப்பட்டாவை அவிழ்த்து அதில் அவனைச் சுற்றியிருந்தாள். அவன் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் முகமும் அழுது வீங்கியிருந்தது.

"அழுது அழுது ஓஞ்சுட்டான்க்கா. நானும்தான்." சிரித்தாள். "நீங்க சொல்லலைன்னா அஞ்சு நிமிசத்துல குடுத்துட்டு ஓடியிருப்பேன். மீதி எழுதிக் குடுக்கற வேலைக்கு எங்க அக்கா வந்துட்டிருக்கா."

மிருதுளா அவனைப் பார்த்தாள். மடிந்த காது. தொடவில்லை.

"முழிச்சா மறுபடி கத்துவான் இல்லக்கா?" என்றாள் ரோஷிணி.

"கத்துவான்."

"அந்தத் துணி இருந்தாத் தாங்களேன். உங்க வாசத்தோட என் துப்பட்டாவையும் சேத்துப் போடுறேன். ஒரேயடியாப் புடுங்க வேண்டாம். கொஞ்சங் கொஞ்சமா மாத்திக்கிறேன்."

 மிருதுளா பஸ் நிறுத்தத்துக் கழிப்பறைக்குள் போய், பட்டையை அவிழ்த்து, சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒரு வாரம்தான் தாங்கும். தீந்துபோனா சொல்லு."

அந்த வாரமே ஷகீலா போன் பண்ணினாள். நஸ்ரினின் பொதியைத் திறந்துவிட்டாளாம். மோந்து பார்த்த நஸ்ரின், "இது உன் நைட்டி வாசம்மா," என்றாளாம். ஷகீலா மற்றக் குடும்பங்களுக்கும் சொன்னாள். சிலர் திறந்தார்கள், சிலர் அவளைத் திட்டினார்கள். விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். சாருமதி அவர்களிடமும் எதையும் மறுக்கவில்லை என்று கேள்வி. பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட மிருதுளாவின் பெயர் திரும்பச் சேருமா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அவள் இன்னும் சோப்புப் போடவில்லை. பூ வைக்கவில்லை. கடைப்பக்கம் போகவில்லை. நவநீதன் வாங்கிவந்த சாதாரணப் பின்னல் துணியை மார்பில் கட்டிக்கொண்டு, வாரம் ஒன்றை, ரோஷிணியின் அக்கா வீடு இருக்கும் வேடசந்தூருக்குப் பார்சலில் அனுப்பினாள். தன்னை மறக்கப்போகிற பிள்ளைக்கு இவ்வளவு பத்தியமா என்று ஓரகத்தி கேட்டாள்.  ரோஷிணியிடமிருந்து வரும் போன்களுக்காகவே அவள் நாளைத் தள்ளினாள். பால் குடித்தானாம். சிரித்தானாம். நேற்று துணியைப் பாதியாக மடித்தே வைத்தாளாம், அவன் கண்டுபிடிக்கவில்லையாம்.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. ரோஷிணிக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா! துணியே இல்லாமத் தூங்கிட்டான்க்கா! என் தோள்லயே! நானே நம்பல!"

"நெசமாவா!" மிருதுளா கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சாப்பிட வந்திருந்த நவநீதன் பதறி எழுந்தான். "துணி இல்லாமத் தூங்கிட்டானாமா!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சபாஷ்டா!" என்று அவனும் கத்திவிட்டுச் சோற்றுக் கையோடு கைதட்டினான். இருவரும் சிரித்தார்கள். எதற்காகக் கைதட்டினோம் என்பது உறைக்க இருவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

நவநீதன் உட்கார்ந்து மீதிச் சோற்றைப் பிசைந்தான். மிருதுளா மார்புத் துணியை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். அலமாரியின் மேல்தட்டில் காய்ந்து வெடித்துக் கிடந்த சந்தன சோப்பை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.